‘இடுப்பு’ என்றால் எந்த இடம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘தமிழகப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு உடல்பருமன்’ என்ற வரியை நாளிதழ்களில் பல விதமாகப் படித்துவருகிறோம். எண்ணில் பிழை இல்லை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு தமிழ்நாட்டுக்குத் தந்த எண்தான் அது. ஆண்களுக்கு 37 சதவீதம். ஆனால் அந்த அட்டவணையில் எழுதியிருப்பது ‘அதிக எடை அல்லது உடல்பருமன்’ என்று. கோடு கிழித்த இடம் பி.எம்.ஐ. (எடைக்கும் உயரத்துக்குமான ஒரு விகிதம்) 25. வயது 15 முதல் 49 வரை. கர்ப்பிணிகளும், முந்தைய இரண்டு மாதங்களுக்குள் பிள்ளை பெற்றவர்களும் கணக்கில் இல்லை. இந்த விவரங்களெல்லாம் வழியில் உதிர்ந்துபோய், எண் மட்டும் தலைப்பில் வந்து நிற்கிறது.

இதனால் வாசகருக்கு என்ன குழப்பம்? 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் நீரிழிவு ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 28.6 சதவீதம் பேருக்கு உடல்பருமன் என்றது. அதற்கும் பி.எம்.ஐ. 25தான் கோடு. குடும்ப நல ஆய்வு ‘அதிக எடை’யில் தொடங்கும் அதே இடத்தை இந்த ஆய்வு ‘உடல்பருமன்’ என்றே அழைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பொது வரையறையிலோ உடல்பருமன் 30இல்தான் தொடங்குகிறது. ஒரே பெண், ஒரே எடை, ஒரே உயரம். எந்த அறிக்கையைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து அவர் பெயர் மாறுகிறது. அதே 2023 ஆய்வு வயிற்றுப் பருமனையும் அளந்து 39.5 சதவீதம் என்றது. இவை மூன்றும் ஒரே மாதத்தில் ஒரே பத்திரிகையில் வந்தால், எதை நம்புவது என்று கேட்பது வாசகரின் குற்றமல்ல.

உடலை அளந்து வரும் எண்ணை அளந்த முறையிலிருந்து பிரித்து அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம். அளக்கும் முறை எவ்வளவு நுணுக்கமானது, எங்கே சறுக்கும் என்று சொன்னால்தான் இந்த வேண்டுகோளின் காரணம் புரியும்.

முதலில் பி.எம்.ஐ. கிலோவில் எடை, அதை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். இந்த விகிதத்தை 1832இல் முன்வைத்தவர் பெல்ஜிய நாட்டு வானியல், புள்ளியியல் அறிஞர் அடோல்ஃப் கெட்லே. மருத்துவத்துக்காக அல்ல, மக்கள்தொகையின் சராசரி மனிதனைப் பற்றிய ஆராய்ச்சிக்காக. இன்றைய பெயரைச் சூட்டியது 1972இல் அமெரிக்கர் ஆன்சல் கீஸும் அவரது குழுவினரும். கூட்டத்தை அளக்கப் பிறந்த கருவி இது. தனி ஒருவரின் உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, கொழுப்பு எங்கே இருக்கிறது என்பதை அது பார்ப்பதே இல்லை.

இதற்கு 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு படத்தைவிட நல்ல சான்று கிடையாது. புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனின் ஜான் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். இது பிறவியிலேயே தொடங்குகிறது என்பதையும் யாக்னிக் குழுவின் புனே ஆய்வு காட்டியது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் 3.5 கிலோ. புனே குழந்தைகளுக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் நன்றாகவே சிறுத்திருந்தன. முதுகில் தோள்பட்டைக்குக் கீழே உள்ள தோல்மடிப்பின் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரிகிற பிள்ளை, உள்ளே கொழுப்புள்ள பிள்ளை.

நமக்குக் கோட்டைக் கீழே இறக்கியது இதனால்தான். இதிலும் ஒரு திருத்தம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஆசியர்களுக்குத் தனி வரையறை வகுத்துவிட்டதாகப் பலர் எழுதுகிறார்கள். அதன் நிபுணர் குழு 2004இல் வெளியிட்ட முடிவு அப்படிச் சொல்லவில்லை. 25, 30 என்ற கோடுகளை அப்படியே வைத்துக்கொண்டு, 23, 27.5 ஆகியவற்றை நடவடிக்கை எடுக்க வேண்டிய கூடுதல் புள்ளிகளாகச் சேர்த்தது. 23இல் அதிக எடை, 25இல் உடல்பருமன் என்று வரையறுத்தது 2009இல் வந்த இந்திய மருத்துவர்களின் ஒருமித்த வழிகாட்டுதல்.

இனி அளக்கும் வேலைக்கு வருவோம். எடையும் உயரமும் எவரும் எடுக்கக்கூடியவை என்ற எண்ணம்தான் பாதிப் பிழைகளுக்குக் காரணம். 65 கிலோ எடை, 160 செ.மீ. உயரம் உள்ள ஒருவரின் பி.எம்.ஐ. 25.4. செருப்போடு நிற்கவைத்து 162 என்று எழுதினால் அது 24.8 ஆகிவிடும், கோட்டுக்கு மேலிருந்தவர் கீழே போய்விடுவார். முழங்காலை லேசாக மடக்கி நின்றதைக் கவனிக்காமல் 158 என்று எழுதினால் 26. எடையிலும் இதே கதைதான். அதே 160 செ.மீ. உயரத்தில் 63.5 கிலோ இருப்பவர் பட்டுச்சேலை, சங்கிலி, கைப்பேசி எல்லாமாக ஒரு கிலோ கூடுதலாக ஏறி நின்றால் 24.8 என்பது 25.2 ஆகிறது. ஒருவர் விஷயத்தில் இது அற்பம். ஆயிரக்கணக்கானோரை அளக்கும் ஆய்வில் கோட்டை ஒட்டி நிற்பவர்கள்தான் மிக அதிகம். அவர்கள் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்தால் மாநிலத்தின் எண்ணே மாறும்.

உயரம் அளக்கும் கம்பத்தில் நிற்பவருக்கு வெறுங்கால். குதிகால், பிட்டம், தோள்பட்டை, பின்தலை ஆகியவை பலகையைத் தொட வேண்டும். பருத்த உடலினருக்கு எல்லாமே தொடாது. அவர்களை அழுத்தி ஒட்டவைக்கக் கூடாது, நேராக நிற்பதே முக்கியம். கண்குழியின் கீழ்விளிம்பும் காதுத்துளையின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தாடையைத் தூக்கினாலும் தாழ்த்தினாலும் உச்சி இடம் மாறிவிடும். மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்லி, தலைப்பலகையை முடி அமுங்கும்வரை இறக்கி, அளப்பவர் தன் கண்ணை அந்தக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து 0.1 செ.மீ. வரை படிக்க வேண்டும். நம் ஊரில் கொண்டையும் பூச்சரமும் உச்சிப் பின்னலும் தனிச் சிக்கல். அவிழ்க்கச் சொல்லத் தயங்கி, கண்மதிப்பில் ‘இரண்டு செ.மீ. கழித்துக்கொள்’ என்பார்கள். அப்படிக் கழிக்கவே கூடாது. அவிழ்க்க முடியாவிட்டால் அதைப் படிவத்தில் எழுதிவைக்க வேண்டும். இன்னொன்று, முதுகெலும்பின் இடைத்தட்டுகள் பகலில் அமுங்குவதால் காலையில் எழுந்தபோது இருந்த உயரத்தில் சுமார் 1 செ.மீ. மாலைக்குள் குறைந்துவிடும். ஒருவரையே பல ஆண்டுகள் தொடரும் ஆய்வில் நேரத்தைக் குறிக்காமல் விடுவது தவறு. கூன் விழுந்த முதியவருக்கு நின்ற உயரம் பொருளற்றது. இரு கைகளையும் விரித்த நீளமோ, குதிகாலிலிருந்து முழங்கால் வரை உள்ள உயரமோ எடுத்துக் கணக்கிட வேண்டும். அப்படிச் செய்ததை அறிக்கையில் சொல்லவும் வேண்டும்.

எடை மெஷினுக்குக் கடினமான, சமமான தரை வேண்டும். பாயின் மீதோ விரிப்பின் மீதோ வைத்தால் தவறாகக் காட்டும். காலையில் வேலை தொடங்குமுன் முத்திரை போட்ட எடைக்கற்களை ஏற்றிப் பார்க்க வேண்டும். ஒரு கல்லை மட்டும் வைத்துப் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. 20 கிலோவில் சரியாக இருக்கும் மெஷின் 60இல் அரைக் கிலோ தவறலாம். ஆகவே 20, 40, 60 என்று அடுக்கிப் பார்க்க வேண்டும். மெஷினை வேனில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோனால் அங்கேயும் ஒரு முறை.

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறோம். ஆங்கிலத்தில் விலாவுக்குக் கீழே உள்ள நடுப்பகுதிக்கு ஒரு சொல். பிட்டத்தைச் சுற்றி வரும் அகன்ற பகுதிக்கு வேறொரு சொல். தமிழில் இரண்டையும் ‘இடுப்பு’ என்கிறோம். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வதும் இடுப்பு, தையற்காரர் பேண்ட்டுக்கு அளப்பதும் இடுப்பு, வலி வந்தால் பிடித்துக்கொள்வதும் இடுப்பு. கேள்விப் படிவத்தைத் தமிழாக்கும்போதே இந்தக் குழப்பம் நுழைந்துவிடுகிறது. பத்திரிகைகள் ‘ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்’ என்று எழுதும்போது, வாசகர் தன் பேண்ட் அளவை நினைத்துக்கொள்கிறார். தொப்பை உள்ளவர் பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கித்தான் கட்டுகிறார். 34 அங்குல பேண்ட் போடுபவரின் வயிறு 40 அங்குலமாக இருக்கலாம். ஆகவே ‘வயிற்றுச் சுற்றளவு’, ‘பிட்டச் சுற்றளவு’ என்று இரண்டு சொற்களை உங்கள் நாளிதழ் நிலையாகப் பயன்படுத்தத் தொடங்கினால் அது பெரிய உதவி. பிட்டம் என்று எழுதக் கூச்சமாக இருந்தால் அந்தக் கூச்சத்தை விட்டுவிடலாம். அது உடலின் ஒரு பகுதி.

வயிற்றுச் சுற்றளவை எந்த மட்டத்தில் எடுப்பது என்பதிலும் உலகம் ஒன்றுபடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் முறையில், கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் பக்கவாட்டில் தடவிக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவில் புள்ளி வைக்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் இடுப்பெலும்பின் மேல்விளிம்பை ஒட்டியே நாடா வரும். சில ஆய்வுகள் இருப்பதிலேயே குறுகிய இடத்தை எடுக்கின்றன. சில தொப்புள் மட்டத்தை. ஆண்களுக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. பெண்களின் உடலமைப்பில் இந்த இடங்களுக்கிடையே பல செ.மீ. வித்தியாசம் வரும். குறுகிய இடத்தில் 78 இருப்பவர் இடுப்பெலும்பின் மேலே 84 இருக்கலாம். பெண்களுக்கு இந்தியாவில் கோடு 80. தொப்புளை நம்பவே கூடாது; வயிறு தொங்கும்போது அதுவும் சேர்ந்து இறங்கிவிடும்.

துணி தைக்கும் பழைய நாடா நாளாக நாளாக நீண்டுவிடும். நீளாத கண்ணாடி இழை நாடா வேண்டும். இழுவிசை எப்போதும் ஒரே மாதிரி இருக்க, நுனியில் ஸ்பிரிங் வைத்த நாடா உண்டு. ஐந்தாவது குடும்ப நல ஆய்வில் பயன்படுத்தியது அந்த வகைதான். கால்களைச் சேர்த்து, கைகளைத் தளரவிட்டு, எடையை இரு கால்களிலும் சமமாக வைத்து நிற்கவேண்டும். ‘மூச்சை விடுங்கள்’ என்று கட்டளை போட்டால் எல்லோரும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். பேச்சுக் கொடுத்து, இயல்பாக மூச்சு வெளியேறும் முடிவில் படிக்க வேண்டும். நாடா பின்பக்கம் இறங்கிவிட்டதா என்று இன்னொருவர் சுற்றிவந்து பார்க்க வேண்டும். இரண்டு முறை எடுத்து, வித்தியாசம் 1 செ.மீ.க்குள் இருந்தால் சராசரி; மீறினால் முதலிலிருந்து.

இதில் பாடநூல்கள் சொல்லாத நம் ஊர்ச் சங்கதிகள் உண்டு. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் பெண்களுக்கு அந்த இடத்தில் தோல் பள்ளமாகவே பதிந்திருக்கும். அளவு நாடா வழுக்கிப்போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும், எண் குறையும். அரைஞாண் கயிறு கட்டியவர்களுக்கும் இதே நிலைதான். கயிற்றை அறுக்கவோ கழற்றவோ சொல்ல வேண்டியதில்லை, மேலே கீழே நகர்த்தினால் போதும். சேலைக்கு மேல் அளந்தால் கொசுவமும் சேர்ந்து 2, 3 செ.மீ. ஏறிவிடும். அதைத் தவிர்க்க மறைவான அறையும், பெண்களை அளக்கப் பெண் ஊழியரும் வேண்டும். இந்த இரண்டுக்கும் திட்டச் செலவில் பணம் ஒதுக்காத ஆய்வின் வயிற்றுச் சுற்றளவை நாங்கள் நம்புவதில்லை. இவ்வளவும் ஏன் தேவை என்றால், ஐந்தாவது குடும்ப நல ஆய்வில் பி.எம்.ஐ. 25ஐத் தொட்ட அல்லது தாண்டிய இந்தியப் பெண்கள் 24 சதவீதம். வயிற்றுக்கும் பிட்டத்துக்குமான விகிதம் 0.85ஐத் தொட்ட அல்லது தாண்டிய பெண்கள் 56.7 சதவீதம். எடை மெஷின் காட்டாத ஆபத்தை நாடா காட்டுகிறது. அந்த நாடா பிடிக்கும் கை சரியாக இருக்க வேண்டாமா?

கொழுப்பை நேராக அளக்கலாமே என்று கேட்பார்கள். உயிரோடு இருப்பவரின் கொழுப்பை எந்தக் கருவியும் நேராக அளப்பதில்லை. வேறொன்றை அளந்து, ஓர் ஊகத்தின் வழியாகக் கொழுப்புக்குப் போகின்றன. எந்த ஊகம் என்று தெரிந்துகொள்வதுதான் இங்கே அறிவு.

உடற்பயிற்சிக் கூடங்களிலும் முகாம்களிலும் ஏறி நிற்கும் மெஷினை எடுத்துக்கொள்வோம். அது செலுத்துவது 1 மில்லியாம்பியருக்கும் குறைவான மாறுமின்னோட்டம், பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ். நீர் நிறைந்த தசை மின்சாரத்தை எளிதாக விடும், கொழுப்பு தடுக்கும். மெஷின் அளப்பது அந்தத் தடையை மட்டும். உயரத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்து, வயது, பால், எடை எல்லாம் சேர்த்து, வேறெங்கோ வேறு மக்களிடம் உருவாக்கிய சமன்பாட்டில் போட்டு, கொழுப்புச் சதவீதம் என்று திரையில் காட்டுகிறது. இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். ஒருவரே ஒரே நிமிடத்தில் வயதை 25 என்று போட்டு ஒரு முறையும் 55 என்று போட்டு ஒரு முறையும் ஏறட்டும். பெரும்பாலான மெஷின்களில் கொழுப்பு மாறும். உடம்பு மாறவில்லை, சமன்பாடு மாறியது.

மின்தடை நீளமான, மெல்லிய பகுதியில்தான் அதிகம். அதனால் உடல் எடையில் ஏறத்தாழப் பாதி இருக்கும் நடுவுடல், மொத்தத் தடையில் பத்தில் ஒரு பங்கு அளவே தருகிறது. பாதம் மட்டும் வைக்கும் மெஷினில் மின்சாரம் ஒரு கால் வழியே ஏறி மறு கால் வழியே இறங்கிவிடுகிறது. அது ‘வயிற்று உள்கொழுப்பு’ என்று காட்டும் எண், வயிற்றை அளந்து வந்ததல்ல. தண்ணீர் குடித்துவிட்டு உடனே ஏறினால், வயிற்றிலுள்ள அரை லிட்டர் தடையை மாற்றாது, எடையை மட்டும் கூட்டும்; மெஷின் அந்த அரைக் கிலோவைக் கொழுப்பில் எழுதிவிடும். வியர்த்து உடம்பு வறண்டிருந்தால் தடை ஏறி, கொழுப்பு கூடியதாகக் காட்டும். பயிற்சி முடிந்த கையோடு ஏறினால் தோல் சூடும் இரத்த ஓட்டமும் சேர்ந்து எண்ணை வேறு பக்கம் தள்ளும். ஆகவே ஆய்வுகளில் நான்கு மணி நேரம் உணவில்லை, முந்தைய 12 மணி நேரம் கடும் உழைப்பில்லை, அரை மணிக்குள் சிறுநீர் கழித்திருக்க வேண்டும், கொலுசும் மெட்டியும் கழற்றப்பட வேண்டும், வறண்ட பாதத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவரை ஏற்றவே கூடாது. இத்தனையும் செய்தாலும் ஒரு குழுவின் சராசரிக்குத்தான் உதவும். ‘மூன்று வாரத்தில் 2 சதவீதம் கொழுப்புக் குறைந்தது’ என்று தனி ஒருவருக்கு அச்சடித்துக் கொடுக்கும் சீட்டுக்கு மதிப்பு தரக் கூடாது.

தோல்மடிப்பின் தடிமனை அளக்கும் இடுக்கியான காலிப்பர் மலிவானது, மின்சாரம் வேண்டாம். ஆனால் கற்கப் பல மாதம் ஆகும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலையும் அடியிலுள்ள கொழுப்பையும் தசையிலிருந்து பிரித்துத் தூக்கி, விரலிலிருந்து 1 செ.மீ. தள்ளிக் காலிப்பரைப் பொருத்தி, பிடியை விடாமல் இரண்டு விநாடியில் படிக்க வேண்டும். தாமதித்தால் கொழுப்பு அமுங்கி எண் இறங்கும். அதிகம் பயன்படும் சமன்பாடு 1974இல் டர்னினும் வோமர்ஸ்லியும் கிளாஸ்கோவில் 481 பேரை வைத்து உருவாக்கியது. இருபதுகளில் உள்ள ஆணுக்கு நான்கு மடிப்புகளின் கூட்டல் 50 மி.மீ. என்றால் கொழுப்பு 18.9 சதவீதம். ஒவ்வொரு மடிப்பிலும் 1 மி.மீ. கூட்டிப் படித்தால் 19.8. கைப்பிழை இவ்வளவுதான். அதைவிடப் பெரிய பிழை, நடுவுடலில் கொழுப்பு சேரும் நம் மக்களுக்குக் கிளாஸ்கோ சமன்பாட்டை அப்படியே போடுவது.

டெக்ஸா எனப்படும் இரட்டை ஆற்றல் எக்ஸ்ரேயைப் பத்திரிகைகள் ‘துல்லியமான பரிசோதனை’ என்கின்றன. நல்ல கருவிதான். கதிர்வீச்சும் சில மைக்ரோசீவர்ட் அளவே. நாம் ஒரு நாளில் இயற்கையாகப் பெறுவதை ஒட்டியது. ஆனாலும் கர்ப்பிணிகளுக்கு எடுப்பதில்லை. இதிலும் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. இரண்டு ஆற்றல்களை வைத்து ஒரு புள்ளியில் இரண்டு பொருட்களைத்தான் பிரிக்க முடியும். எலும்பு இருக்கும் புள்ளியில் எலும்பையும் மென்திசுவையும் பிரித்துவிட்டால், அந்த மென்திசுவில் கொழுப்பு எவ்வளவு என்று பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து நிரப்புகிறது. மார்புக்கூட்டில் இது கணிசம். ஒரு நிறுவனத்தின் மெஷினும் இன்னொரு நிறுவனத்தின் மெஷினும் ஒரே ஆளுக்கு வேறு எண் தரும். மென்பொருளைப் புதுப்பித்தாலும் மாறலாம். தொடர் ஆய்வில் நடுவே மெஷினை மாற்றினால், சிலரை இரண்டிலும் எடுத்துத் திருத்தம் காண வேண்டும். நகை உலோகத்தை மெஷின் எலும்பாக எண்ணும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்களை வற்புறுத்த வேண்டாம். எங்கே என்ன இருந்தது என்று எழுதிவைத்து, அடுத்த முறையும் அதையே அணிந்துவரச் சொன்னால் வித்தியாசத்தில் அது அடிபட்டுப்போகும். ஒருவரிடம் உண்மையில் மாற்றம் வந்ததா என்று சொல்ல, அந்த மையத்தின் அளவீட்டுப் பிழையைப் (ஒருவரையே மறுபடி மறுபடி எடுத்தால் வரும் வேறுபாடு) போல 2.77 மடங்கு மாற்றமாவது வேண்டும். பிழை 0.4 கிலோ என்றால் 1.1 கிலோவுக்குக் குறைந்த கொழுப்பு மாற்றத்தைச் செய்தியாக்கக் கூடாது.

கனநீர் (கனமான ஹைட்ரஜன் அணுக்கள் கொண்ட நீர்) முறை கிராமத்துக்கும் எடுத்துச் செல்லக்கூடியது என்பதால் எங்களுக்குப் பிடித்தமானது. எடைபோட்ட கனநீரைக் குடிக்கவைத்து, முன்னும் மூன்று, நான்கு மணி நேரத்துக்குப் பின்னும் எச்சிலை எடுத்து, எவ்வளவு நீர்த்துப்போனது என்று பார்த்தால் உடலின் மொத்த நீர் தெரியும். கொழுப்பற்ற உடலில் 73.2 சதவீதம் நீர் என்பது ஊகம். 60 கிலோ பெண்ணுக்கு உடல்நீர் 27.5 கிலோ என்றால் கொழுப்பற்ற உடல் 37.6 கிலோ, கொழுப்பு 37.4 சதவீதம். குடிக்கும்போது 30 கிராமில் 1 கிராம் உதட்டோரம் வழிந்தால்? உடல்நீர் 28.4 என்று வரும், கொழுப்பு 35.2 சதவீதமாக இறங்கிவிடும். ஆகவே உறிஞ்சுகுழல் கொடுத்து, பாட்டிலைக் கொஞ்சம் சாதாரணத் தண்ணீரால் அலசி அதையும் குடிக்கவைப்பார்கள். வழிந்தால் எடைபோட்ட தாளால் துடைத்து மறுபடி எடைபோடுவார்கள். ஒரு கிராமுக்கு இவ்வளவு பாடு.

குழந்தைகள் விஷயத்தில்தான் மனம் அதிகம் பதைக்கிறது. திட்டங்களும் பணமும் இந்த எண்களின் மேல்தான் நிற்கின்றன. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்து அளக்க வேண்டும். அதற்கு மேல் நிற்கவைத்து. படுத்த நீளம் நின்ற உயரத்தைவிட 0.7 செ.மீ. கூடுதல் என்று வளர்ச்சி அட்டவணை எடுத்துக்கொள்கிறது. அழுகிற பிள்ளையைப் படுக்கவைக்க முடியாமல் நிற்கவைத்தால் 0.7ஐக் கூட்ட வேண்டும், நிற்கவைத்ததை எழுதவும் வேண்டும். தலையைப் பலகையில் ஒட்டிப் பிடிக்க ஒருவர், முழங்காலை அழுத்திப் பாதப்பலகையை நகர்த்த ஒருவர் என இருவர் தேவை. தனியாக ஒரு அங்கன்வாடி ஊழியரைச் செய்யச் சொல்லிவிட்டு எண்ணைக் குறை கூறுவது நியாயமில்லை. வயது மாதக் கணக்கில் சரியாக வேண்டும்; பிறப்புச் சான்றைப் பார்க்காமல் ‘இரண்டு முடியப்போகிறது’ என்பதை 24 என்று எழுதினால், வயதுக்கேற்ற உயரமே பொய்யாகிவிடும்.

கூடுதலும் குறைவுமாக வரும் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியாகிவிடும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். சராசரிக்கு அது உண்மை. சதவீதத்துக்கு அல்ல. ஒரு மாவட்டக் குழந்தைகளின் உயரப் புள்ளியின் (வளர்ச்சி அட்டவணையில் அந்த வயதுக்குரிய நடு உயரத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் எண்) சராசரி மைனஸ் 1, பரவல் (திட்ட விலக்கம்) 1 என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் 2க்குக் கீழே இருப்போர் 16 சதவீதம். அவர்களைத்தான் வளர்ச்சி குன்றியவர்கள் என்கிறோம். கவனமின்றி அளந்து, சராசரி மாறாமல் பரவல் மட்டும் 1.3 ஆனால், அதே மாவட்டத்தில் 22 சதவீதம் குழந்தைகள் குன்றியவர்களாகிவிடுவார்கள். ஒரு குழந்தைகூட உண்மையில் குட்டையாகவில்லை. அடுத்த முறை நல்ல பயிற்சியோடு அளந்தால் 16க்கு இறங்கும். திட்டம் வெற்றி என்று செய்தி வரும்.

இதைத் தடுக்க வழி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் வளர்ச்சி அட்டவணைக்கான ஆய்வை நடத்தியபோது, ஒவ்வொரு குழந்தையையும் இருவர் தனித்தனியே, ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல், அளந்தார்கள். நீளத்தில் 7 மி.மீ., எடையில் 100 கிராம், கைச் சுற்றளவில் 5 மி.மீ., தோல்மடிப்பில் 2 மி.மீ. இவற்றை மீறினால் இருவரும் மறுபடி அளக்க வேண்டும். சிறிய ஆய்வுக்கும் இது முடியாததல்ல.

உங்கள் நிருபர்களிடம் ஒரு எளிய சோதனையைக் கொடுக்கிறோம். அறிக்கை வெளியிடுபவரிடம், உயர அளவுகளின் கடைசி இலக்கம் எப்படிப் பரவியிருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். 0.1 செ.மீ. வரை உண்மையாகப் படித்திருந்தால் பத்து இலக்கங்களும் ஏறத்தாழச் சமமாக வரும். 0இலும் 5இலும் முடிபவை சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். பாதிக்கு மேல் 0, 5 என்று இருந்தால், அளக்கவில்லை, கண்ணால் மதிப்பிட்டிருக்கிறார்கள். நல்ல ஆய்வுக்குழு இந்தக் கேள்விக்கு உடனே பதில் வைத்திருக்கும்.

ஒப்பீட்டுச் செய்திகளில் இன்னும் கவனம் வேண்டும். தமிழகப் பெண்களில் பி.எம்.ஐ. 25ஐத் தொட்டவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4. இந்த இரண்டையும் பக்கத்தில் வைக்கலாம். கோடும் வயதும் ஒன்று. ஆனால் தேசிய குடும்ப நல ஆய்வில் வயிற்றுச் சுற்றளவு முதன்முறை எடுக்கப்பட்டதே ஐந்தாவது சுற்றில்தான். அந்த ஆய்வில் அதற்கு முந்தைய எண் கிடையாது. வேறொரு ஆய்வின் பழைய எண்ணைத் தேடியெடுத்து ‘ஐந்தாண்டில் வயிறு இவ்வளவு பெருத்தது’ என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். 2025 ஜனவரியில் லான்செட் ஆணையமும், பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து ஒருவரை உடல்பருமனர் என்று முத்திரை குத்த வேண்டாம், வயிற்றுச் சுற்றளவாலோ, ‘நேரடி’ என்று அது அழைக்கும் டெக்ஸா போன்ற கொழுப்பு அளவீட்டாலோ உறுதிசெய்யுங்கள் என்றது. வயிற்றுச் சுற்றளவு எண்கள் இனி நிறையவே வரும். அப்போது நாடா எந்த மட்டத்தில் சுற்றப்பட்டது என்ற ஒரு வரிக்கு உங்கள் பக்கத்தில் இடம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உடல் அளவீட்டுப் பயிற்சியாளர்கள்,
சென்னை.